ஒரு டாலர் நாற்பது சென்ட்

அழைப்பிதழில் ‘பொருளியல்’ என்ற சொல் இருந்தும் நாற்காலிகள் நிரம்பியிருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் டிபன் உண்டு என்று கீழே போட்டிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். எதுவானாலும் நன்றி.

போன மாதம் என் வீட்டு மொட்டைமாடியில் தட்டோடு பெயர்ந்து மாற்ற வேண்டியிருந்தது. வந்த கொத்தனார் எங்கள் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். பதினான்கு வருஷம் சவூதியில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அவருக்குக் கையாட்களாக ஒடிசாவிலிருந்து இரண்டு பையன்கள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்: “இந்தப் பசங்க வந்து நம்ம ஆளுங்க கூலியக் கெடுத்துட்டாங்க சார்.” அந்தப் பையன்களைக் கூட்டி வந்தவரே அவர்தான். “அங்க உங்களப் பத்தி என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். “இதேதான் சொல்லியிருப்பான். அரபியில சொன்னதால நமக்கு உறைக்கல.”

அவர் சொன்ன முதல் வாக்கியம் உண்மையா என்பதுதான் இன்றைய பேச்சு. எல்லை தாண்டி ஆள் வந்தால் உள்ளூர்க்காரன் வேலையும் கூலியும் என்ன ஆகும்? இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அவர்களில் பாதிப்பேர் என் துறைக்காரர்கள்.

கொத்தனாரின் வாதம் சந்தைக்குப் போய் காய் வாங்கும் எவருக்கும் விளங்கும். ஒட்டன்சத்திரத்தில் ஒரே நாளில் பத்து லாரி தக்காளி கூடுதலாக இறங்கினால் விலை விழுகிறது. ஆள் கூடினால் கூலி விழ வேண்டியதுதானே? தர்க்கத்தில் பிழையில்லை. ஆனால் சந்தைக்கு வந்த தக்காளி பசிக்கிறது என்று சொல்லாது. வாடகைக்கு வீடு தேடாது. ஞாயிற்றுக்கிழமை முடிவெட்டப் போகாது. வந்த ஆள் இவ்வளவும் செய்வான். ஒரு கையால் ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறவன் மறு கையால் யாருக்கோ வேலை கொடுத்துக்கொண்டும் இருக்கிறான். எந்தக் கை பெரிது என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்ல முடியாது. நடந்த இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

போய்ப் பார்ப்பதிலும் ஒரு சிக்கல். பிழைக்கப் போகிறவன் கூலி ஏறுகிற ஊராகப் பார்த்துத்தான் போவான். வந்தவர் அதிகமாக இருக்கும் ஊரில் கூலியும் அதிகம் என்று கண்டுபிடித்து, ‘பாருங்கள், கெடுதல் இல்லை’ என்று சொன்னால் அது ஏமாற்று. கூலியைப் பார்க்காமல், வேறு ஏதோ காரணத்தால், திடுதிப்பென்று ஒரு கூட்டம் ஓர் ஊரில் போய் இறங்கியிருக்க வேண்டும். அப்படி ஒன்று 1980-இல் நடந்தது.

அந்த ஆண்டு ஏப்ரலில் ஹவானாவிலிருந்த பெரு நாட்டுத் தூதரகத்துக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கியூபர்கள் புகுந்து அடைக்கலம் கேட்டார்கள். காஸ்ட்ரோவுக்குக் கோபம். போகிறவர்கள் போகலாம் என்று மரியல் துறைமுகத்தைத் திறந்துவிட்டார். அமெரிக்காவின் மயாமியில் ஏற்கெனவே குடியேறியிருந்த கியூபர்கள், இறால் படகோ உல்லாசப் படகோ கிடைத்ததை எடுத்துக்கொண்டு சொந்தக்காரர்களை ஏற்றிவரப் புறப்பட்டார்கள். அக்டோபருக்குள் சுமார் 1,25,000 பேர் கரை சேர்ந்தார்கள். ஏறத்தாழ பாதிப்பேர் மயாமியிலேயே தங்கிவிட்டார்கள். நூறு பேர் வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் ஒரு கோடைக்குள் நூற்றேழு பேர் என்ற கணக்கு. பெரும்பாலோர் அதிகம் படிக்காதவர்கள், ஆங்கிலம் தெரியாதவர்கள். சந்தைக் கணக்கு சரியென்றால் மயாமியின் அடிமட்டக் கூலி அப்படியே சரிந்திருக்க வேண்டும்.

டேவிட் கார்டு என்ற பொருளியலாளர் 1990-இல் கணக்கெடுத்து வெளியிட்டார். அட்லாண்டா, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலிஸ், டாம்பா ஆகிய நகரங்களோடு மயாமியை ஒப்பிட்டார். மயாமியில் கூலி சரியவில்லை. ஏற்கெனவே இருந்த கறுப்பின மக்களின் வேலையின்மையும் இதனால் கூடியதாகத் தெரியவில்லை. என் மாணவர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு கை உயரும்: “சார், தப்பா அளந்திருப்பார்.” அதே சந்தேகம் ஜார்ஜ் போர்ஹாஸ் என்ற பொருளியலாளருக்கும் வந்தது. அவரே ஹவானாவில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா வந்தவர். சுமார் கால் நூற்றாண்டு கழித்து மயாமித் தரவைத் திரும்பப் பிரித்தார். பள்ளிப்படிப்பை முடிக்காத, ஹிஸ்பானியர் அல்லாத ஆண்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் கூலி 10 முதல் 30 சதவீதம் வரை விழுந்திருக்கிறது என்றார். 

பெரிய சண்டை மூண்டது. அப்படிச் சல்லடையில் சலித்தபின் அவர் கையில் எஞ்சியவர்கள் ஆண்டுக்கு இருபது பேர் அளவில்தான். போதாக்குறைக்கு, அந்த ஆண்டுகளில்தான் கணக்கெடுப்பில் கறுப்பின ஆண்கள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டார்கள் என்று மைக்கேல் கிளெமென்ஸும் ஜெனிஃபர் ஹன்ட்டும் காட்டினார்கள். குறைந்த கூலி வாங்குகிறவர்களை அதிகமாக எண்ணினால் சராசரி தானாகவே இறங்கும். எண்ணப்பட்டவர்கள் மாறினார்களே ஒழிய கூலி மாறவில்லை. 2021-இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. விவகாரத்தில் நான் கார்டு பக்கம். ஆனால் போர்ஹாஸ் கேட்ட கேள்வியைத் தூக்கிப்போடச் சம்மதிக்க மாட்டேன். ஊர்ச் சராசரி நன்றாக இருக்கிறது என்பது, கடைசி வரிசையில் நிற்கிறவனுக்குச் சொல்லும் பதில் ஆகாது.

இந்தச் சண்டையில் எல்லோரும் கூலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆல்பர்ட் சாயிஸ் என்பவர் வாடகையைப் பார்த்தார். 1979-க்கும் 1981-க்கும் இடையில் மயாமி வாடகை, ஒப்பிட்ட இடங்களைவிட 8 முதல் 11 சதவீதம் கூடுதலாக ஏறியிருந்தது. சம்பளக் கவர் மெலியவில்லை. அதிலிருந்து வீட்டுக்காரருக்குப் போகும் பங்கு பெருத்துவிட்டது. ‘வந்தவன் என் பிழைப்பைக் கெடுத்தான்’ என்று ஒருவர் சொல்லும்போது கூலிப் புள்ளிவிவரத்தைக் காட்டி அவர் வாயை அடைப்பதில் எனக்கு ஏன் தயக்கம் என்றால் இதனால்தான். அவர் தவறான இடத்தில் விரலை வைத்திருக்கலாம். வலி பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

ஈதன் லூயிஸ் இன்னொன்றைக் கவனித்தார். எண்பதுகளில் மற்ற நகரங்களில் கணினி வேகமாக நுழைந்தபோது மயாமித் தொழில்களில் அது மெதுவாகவே நுழைந்தது. கைகள் நிறையக் கிடைத்தால் முதலாளி இயந்திரத்தைத் தள்ளிப்போடுவார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு தக்காளி வரப்போகிறது.

வந்தவர்கள் மயாமியில் குடியிருந்தார்கள், சாப்பிட்டார்கள், செலவழித்தார்கள். வேலைக்கு மட்டும் வந்துவிட்டு, சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டால்? அதற்கும் ஒரு சான்று இருக்கிறது. இரும்புத்திரை விழுந்தபின் 1991-இல் ஜெர்மனி தன் எல்லையோர மாவட்டங்களில் செக் நாட்டவர் வேலை செய்ய அனுமதித்தது, குடியிருக்க அனுமதிக்கவில்லை. காலையில் வருவார்கள், மாலையில் எல்லை தாண்டிப் போவார்கள். கூலியை மார்க்கில் வாங்கி, தங்கள் ஊரில் செலவழித்தார்கள். அங்கே சந்தைக் கணக்கு கிட்டத்தட்ட அப்படியே பலித்தது. கிறிஸ்டியன் டுஸ்ட்மன் குழுவினர் கணக்கிட்டபடி, ஓர் இடத்து வேலையில் செக் தொழிலாளர் பங்கு ஒரு சதவீதப் புள்ளி ஏறினால் உள்ளூர் ஜெர்மானியர் வேலைவாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம் இறங்கியது. கூலி சற்றே அசைந்தது. வேலையில் இருந்தவர்களை யாரும் பெரிதாக வெளியே தள்ளவில்லை. புதிதாக உள்ளே வரவேண்டியவர்கள்தான் வாசலிலேயே நின்றார்கள். இதுபோன்ற இழப்பு செய்தித்தாளில் வராது. கதவடைப்பு இல்லை, ஊர்வலம் இல்லை. படித்து முடித்த ஒரு பையனுக்கு ‘ஆள் எடுத்தாச்சு’ என்று ஒரு பதில், அவ்வளவுதான்.

எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட எப்படி வந்தார்கள் என்பதே பெரிய கேள்வி என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இந்தத் திசையில் என்னைத் திருப்பியது மெக்சிகோ–அமெரிக்க ‘பிரசேரோ’த் திட்டம்.

ஸ்பானிய மொழியில் ‘பிரசோ’ என்றால் கை. பிரசேரோ என்றால் கையை வைத்துப் பிழைக்கிறவன். நம் இலங்கைத் தோட்டங்களில் ஒருநாள் வேலையை ‘ஒரு பேர்’ என்றும் பாதி நாள் கூலியை ‘அரைப் பேர்’ என்றும் சொல்வார்கள். அங்கே ஆளைக் கை என்றார்கள், இங்கே நாளைப் பேர் என்றார்கள். முழு மனிதனுக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி ஒதுக்குவதில்லை.

இரண்டாம் உலகப் போரில் பண்ணையில் ஆள் இல்லை என்று 1942 ஆகஸ்டில் இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. போர் முடிந்தது, திட்டம் முடியவில்லை. 1964 டிசம்பர் வரை, இருபத்திரண்டு ஆண்டுகளில், சுமார் 45 லட்சம் ஒப்பந்தங்கள். ஒரே ஆள் பலமுறை போனதும் இதில் அடக்கம். காகிதத்தில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்: இலவசத் தங்குமிடம், வந்துபோகும் செலவு, ஒப்பந்த நாளில் முக்கால் பங்குக்காவது வேலை உறுதி, உள்ளூரில் நடப்பில் உள்ள கூலி. எல்லையில் இறங்கியதும் துணியைக் களைந்து டிடிடி தூவினார்கள் என்பது காகிதத்தில் இல்லை. எந்தப் பண்ணைக்கு ஒப்பந்தமோ அங்கே மட்டும்தான் வேலை. பிடிக்காவிட்டால் பக்கத்துப் பண்ணைக்குப் போக முடியாது. மெக்சிகோவுக்குத்தான் போக முடியும்.

உள்ளூர்க் கூலிக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிய ‘நடப்புக் கூலி’ என்ற இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நடப்பு எது என்று யார் சொன்னது? அறுவடைக்கு முன் பண்ணையார்கள் கூடி ஒரு தொகையைச் சொல்வார்கள். அதிகாரி அதையே நடப்பு என்று எழுதிக்கொள்வார். அந்தத் தொகைக்கு உள்ளூர்த் தொழிலாளி வர மறுத்தால் ‘உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை’ என்று சான்று. சான்று வந்தால் பிரசேரோ வருவான். பிரசேரோவுக்குக் கொடுக்கும் தொகை நடப்பு ஆகிவிடும். எர்னஸ்டோ கலார்சா என்ற அறிஞர், தானும் சிறுவனாக மெக்சிகோவிலிருந்து வந்தவர், இந்த வட்டத்தை ஐம்பதுகளில் பண்ணை பண்ணையாக அலைந்து எழுதி வைத்தார். உள்ளூர்க்காரன் கூலியைப் பிரசேரோ இறக்கவில்லை. அவனுக்குக் கூலி பேசும் வாயே கிடையாது. வாயில்லாதவனைப் பக்கத்தில் நிறுத்திவைத்து, வாய் உள்ளவனிடம் ‘இஷ்டம் இருந்தால் வா’ என்றார்கள்.

இதைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. கென்னடி ஆட்சியும் அதற்குப் பின் ஜான்சன் ஆட்சியும் ஒரு முடிவுக்கு வந்தன: பிரசேரோவை நிறுத்தினால் உள்ளூர்ப் பண்ணையாள் கூலி ஏறும். நல்லெண்ணத்தில் எடுத்த முடிவு என்றே நினைக்கிறேன். 1964 டிசம்பர் 31-உடன் திட்டம் முடிந்தது. லட்சக்கணக்கான கைகள் போய்விட்டன. கூலி ஏறியதா?

கிளெமென்ஸ், லூயிஸ், ஹன்னா போஸ்டல் மூவரும் 2018-இல் பழைய வேளாண்துறைக் கணக்குகளைத் தோண்டி எடுத்து விடை சொன்னார்கள். பிரசேரோக்கள் நிறைய இருந்த மாநிலங்களில் கூலி எப்படி ஏறியதோ, ஒரு பிரசேரோகூட இல்லாத மாநிலங்களிலும் அப்படியேதான் ஏறியது. ஆள் போனதால் தனியாக ஏறியது என்று காட்ட ஒன்றுமில்லை. பண்ணையார்கள் உள்ளூர்க்காரனைக் கூப்பிட்டுக் கூலி பேசவில்லை. இயந்திரத்தைக் கூப்பிட்டார்கள். இயந்திரம் ஒத்துவராத பயிரைக் குறைத்துக்கொண்டார்கள்.

இப்போது தக்காளி. டேவிஸ் நகரத்தில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்து ஜாக் ஹன்னா ஒரு புதுத் தக்காளி ரகத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். தோல் தடித்தது, உருட்டினால் நசுங்காது, செடியில் எல்லாக் காயும் ஒன்றாகப் பழுக்கும். கோபி லோரன்சன் என்ற பொறியாளர் அதற்கேற்ற அறுவடை இயந்திரத்தை உருவாக்கினார். சாஸ் ஆலைக்குப் போகும் தக்காளி அது. நம் வீட்டு ரசத்தில் போட்டால் ரசம்தான் அவமானப்படும். இரண்டும் பல ஆண்டுகளாகத் தயாராகிக்கொண்டிருந்தன, வாங்குவார் இல்லை. பிரசேரோ இருக்கும்போது இயந்திரம் எதற்கு? 1963-இல் கலிபோர்னியாவின் ஆலைத் தக்காளியில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இயந்திரம் பறிக்கவில்லை. 1968-இல் நூற்றுக்கு 95 பங்கு. ஐந்தே வருஷம். மயாமியில் கை மிகுந்ததால் கணினி மெதுவாக வந்தது. கலிபோர்னியாவில் கை குறைந்ததால் இயந்திரம் ஓடி வந்தது. வந்தவனை அனுப்பிவிட்டால் அவன் உட்கார்ந்திருந்த இடம் நமக்கு என்று நினைக்கிறவர்கள் இந்தத் தக்காளியை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே நம் கதையைச் சொல்லாமல் தாண்டிப் போக முடியாது. இந்த அவையில் பாட்டனோ முப்பாட்டனோ மண்டபம் முகாம் வழியாக அக்கரைக்குப் போன குடும்பங்கள் இருப்பீர்கள்.

1830-களிலிருந்து இலங்கைக் காபித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைக்கும் இங்கிருந்து ஆள் போனது. கங்காணி ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டுவார். அந்தக் கூட்டத்தின் மொத்தக் கடன் எவ்வளவு என்று ஒரு சீட்டு. அதற்குப் பெயர் ‘துண்டு’. வேறு தோட்டத்துரை அந்தக் கடனை அடைத்தால் கூட்டத்தை அவர் கூட்டிக்கொள்ளலாம். மேலோட்டமாகப் பார்த்தால் பிரசேரோவைவிட மேல் என்று தோன்றும். தோட்டம் மாற வழியிருக்கிறதே! ஆனால் மாறியது யார் விருப்பத்தில்? ஆள் தட்டுப்பாடு வந்தபோது துரைகள் போட்டி போட்டார்கள். அந்தப் போட்டியில் ஏறியது கூலி அல்ல, துண்டின் தொகை. முன்பணம் பெருத்தது, கங்காணியின் பிடி பெருத்தது, கூலி நெடுங்காலம் ஏறக்குறைய நின்ற இடத்தில் நின்றது. உழைப்புக்குக் கிராக்கி வந்தும் உழைத்தவன் கைக்கு அது எட்டாமல், நடுவில் ஒரு காகிதம் தடுத்துக்கொண்டது. துண்டு முறையை 1921-இல்தான் ஒழித்தார்கள். இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927-இல் வந்தது.

சிங்களக் கிராமத்தார் ஏன் அந்த வேலைக்குப் போகவில்லை என்பதற்குத் துரைகள் அன்று ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள்: சோம்பேறிகள். இன்று கேரளத்திலும் கோவையிலும் மலேசியாவிலும் உள்ளூர் இளைஞர்களைப் பற்றி முதலாளிகள் சொல்வதும் அதே சொல்தான். சொந்தமாக வயல் வைத்திருந்த ஒருவன், கடனில் கட்டுண்ட ஆளுக்கு நிர்ணயித்த கூலிக்கு, வரிசைக் காம்பிராவில் குடியேற மறுத்தான். இதைச் சோம்பல் என்பதா, கணக்குத் தெரிந்தவன் என்பதா?

பிறகு உலகப் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. கொழும்பில் வேலை சுருங்கியது, ‘இந்தியன் நம் வேலையைப் பறிக்கிறான்’ என்ற குரல் எழுந்தது. அரசுத் துறைகளில் நாள்கூலிக்கு இருந்த இந்தியர்களை 1939-இல் வெளியேற்றத் தொடங்கினார்கள். நேரு போய்ப் பேசினார், பலிக்கவில்லை. அந்த ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. அதற்கு முந்தின ஆண்டுதான் மலாயாவில் கூலியைக் குறைத்தார்கள் என்று அங்கே ஆள் அனுப்புவதையும் நிறுத்தியிருந்தது. 1948-இல் மலையகத் தமிழரின் குடியுரிமை போனது. அவர்களை வெளியார் ஆக்கியதால் தோட்டக் கூலி ஏறியதாக நான் எங்கும் படித்ததில்லை. வாக்கு இல்லாத ஆளுக்குப் பேரம் பேசும் பலம் இன்னும் குறைந்தது, அவ்வளவுதான் நடந்தது.

கொத்தனாருக்குத் திரும்புகிறேன். சவூதியில் அவர் இருந்தது ‘கஃபாலா’ முறையில். விசா கொடுத்த கஃபீல் ரிலீஸ் தரவில்லையென்றால் அன்று வேறு இடத்துக்குப் போக முடியாது. ‘ரிலீஸ்’ என்ற சொல் எங்கள் மாவட்டத்தில் சினிமாவுக்கு அடுத்தபடி இதற்குத்தான் அதிகம் பயன்படுகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2011 ஜனவரியிலிருந்து ஒரு சிறு மாற்றம் செய்தார்கள்: ஒப்பந்தக் காலம் முடிந்த தொழிலாளி, பழைய முதலாளியின் தடையில்லாச் சான்று இல்லாமலே வேறு வேலைக்குப் போகலாம். சுரேஷ் நாயுடுவும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் கணக்குப் பார்த்தார்கள். அப்படி விடுபட்டவர்களின் சம்பளம் பத்து சதவீதத்துக்கும் மேல் ஏறியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், போகலாம் என்று கதவைத் திறந்தபின் பழைய முதலாளியிடமே தங்கியவர்கள் அதிகமானார்கள். போய்விடுவானோ என்ற பயத்தில் அவர் கூட்டிக் கொடுத்தார். ஊரிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது மட்டும் சற்றுக் குறைந்தது. கட்டு அவிழ்ந்த ஆள் விலை கூடிய ஆள். அவனை முன்போல் வாரி எடுக்க மாட்டார்கள். அதை மறைத்துப் பேசுவது நேர்மை இல்லை.

அதே 2011-இல் பக்கத்துச் சவூதி வேறு வழி தேர்ந்தெடுத்தது. ‘நிதாகத்’ என்று சொன்னால் இங்கே பலருக்கு வயிறு கலங்கும். நிறுவனங்கள் இத்தனை சதவீதம் சவூதிக் குடிமக்களை வைத்திருக்க வேண்டும் என்ற ஒதுக்கீடு. ஜெனிஃபர் பெக் செய்த ஆய்வின்படி, பதினாறு மாதத்தில் சுமார் 63,000 சவூதிகளுக்கு வேலை கிடைத்தது. சுமார் 11,000 நிறுவனங்கள் மூடப்பட்டன. ஒதுக்கீடு போட்டுத்தான் உள்ளூர்க்காரனை எடுக்கவைக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். ரிலீஸ் கேட்க முடியாத ஆள் கையில் இருக்கும்போது, பிடிக்காவிட்டால் நாளைக்கே நின்றுவிடக்கூடிய சொந்த நாட்டுக்காரனை எந்த முதலாளி விரும்பி எடுப்பார்?

இன்னொரு பக்கமும் உண்டு. வளைகுடாவுக்குப் போன மலையாளிகள் கேரளத்தில் விட்டுப்போன இடம் வெற்றிடமானது. அவர்கள் அனுப்பிய பணம் வீடாக எழுந்தது. ஆள் குறைவு, கட்டட வேலை அதிகம். முதலில் அங்கே போய் நின்றது நம் தமிழ்நாட்டு ஆட்கள், பிறகு வங்காளமும் ஒடிசாவும் அசாமும். 2013-இல் திருவனந்தபுரத்துக் குலாத்தி நிறுவனம் கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் 25 லட்சம் என்று மதிப்பிட்டது. அத்தனை பேர் வந்திறங்கிய பின்னும், ரிசர்வ் வங்கித் தொகுப்பின்படி 2021-22-இல் கேரளக் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி 837 ரூபாய் 70 காசு. அகில இந்தியச் சராசரி 373 ரூபாய் 30 காசு. சங்கமும் படிப்பும் இதில் சேர்ந்தே வேலை செய்கின்றன, எல்லாப் புகழையும் விமானத்துக்குக் கொடுக்கவில்லை. ஆனால் எங்கள் கொத்தனார் சவூதியில் இருந்த பதினான்கு வருஷமும் எங்கள் ஊரில் மற்றக் கொத்தனார்களின் கூலி ஏறியதில், அவர் ஊரில் இல்லாததற்கும் ஒரு பங்கு உண்டு. அதற்காக யாரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை.

தலைப்புக்கு இன்னும் விளக்கம் சொல்லவில்லை.

திட்டம் முடிந்த 1965-இல், அவசரத்துக்குக் கொஞ்சம் மெக்சிகோத் தொழிலாளர்களை வரவழைக்கலாம் என்று அமெரிக்கத் தொழிலாளர் துறை இடம் கொடுத்தது. கலிபோர்னியாவுக்கு ஒரு நிபந்தனை: மணிக்கு ஒரு டாலர் நாற்பது சென்ட் கொடுக்க வேண்டும். உள்ளூர்த் திராட்சைத் தொழிலாளிக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு. வந்தவனுக்கு எழுதிய கூலி உள்ளூர்க்காரனுக்கு இல்லை! கோச்செல்லாப் பள்ளத்தாக்கில் ‘எங்களுக்கும் அதையே கொடு’ என்று வேலையை நிறுத்தினார்கள். சில நாளில் கிடைத்தது. அறுவடை வடக்கே நகர்ந்து டெலானோ வந்தது. அங்கே மறுத்தார்கள். செப்டம்பர் 8-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. எட்டு நாள் கழித்து சீசர் சாவேஸின் மெக்சிகோ வம்சாவளிச் சங்கமும் சேர்ந்துகொண்டது. ஐந்து ஆண்டுகள் நீண்டு, அமெரிக்கா முழுதும் திராட்சை வாங்காமல் நிறுத்தி, 1970 ஜூலையில் ஒப்பந்தம் ஆனது: மணிக்கு ஒரு டாலர் எண்பது சென்ட், பெட்டிக்கு இருபது சென்ட் கூடுதல். தட்டில் வைத்துச் சாப்பிடும் திராட்சையைக் கத்தரித்து அடுக்க அன்று இயந்திரம் இல்லை. தக்காளியில் தோற்றது திராட்சையில் வென்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

வேலையை முதலில் நிறுத்திய அந்த ‘உள்ளூர்க்காரர்கள்’ யார் தெரியுமா? பிலிப்பினோக்கள். அவர்கள் தலைவர் லாரி இட்லியோங் 1929-இல் பதினைந்து வயதில் வந்தவர். விபத்தில் மூன்று விரல் போனவர். அவர் வந்த மறுவருஷம் ஜனவரியில் வாட்சன்வில் என்ற கலிபோர்னிய ஊரில் வெள்ளையர் கும்பல் ஐந்து நாள் பிலிப்பினோத் தொழிலாளிகளை வேட்டையாடியது. ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். எங்கள் கூலியைக் கெடுக்கிறார்கள், எங்கள் பெண்களோடு ஆடுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. 1933-இல் வெள்ளைப் பெண்ணை மணக்கவும் சட்டம் தடை போட்டது. 1934-இல் ஆண்டுக்கு ஐம்பது பேருக்கு மேல் பிலிப்பைன்ஸிலிருந்து வரக்கூடாது என்றார்கள். சொந்த நாட்டுப் பெண்களும் வர வழியில்லை. பண்ணை பண்ணையாகப் பாசறையில் படுத்து, தனியாளாகவே அவர்களுக்கு 1965-க்குள் ஐம்பது அறுபது வயது ஆகியிருந்தது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் கூலியைக் கெடுக்க வந்தவர்கள், இப்போது கூலியைக் காப்பாற்ற வெயிலில் நின்றார்கள்.

வென்ற சங்கத்தின் புது ஆள் எடுப்பு விதிகள் பருவத்துக்குப் பருவம் ஊர் மாறும் அந்தக் கிழவர்களுக்கே ஒத்துவரவில்லை. 1971-இல் இட்லியோங் சங்கத்திலிருந்து விலகினார். வேலைநிறுத்தத்தின்போது பண்ணையார்கள் பாசறையிலிருந்து வெளியேற்றியதால் பலருக்குத் தலைசாய்க்க இடமில்லை. அவர்களுக்காகத் தொண்டர்கள் வந்து ஒவ்வொரு செங்கல்லாக வைத்து டெலானோவில் ஒரு முதியோர் குடியிருப்பைக் கட்டினார்கள். மறியலில் நின்றபடி மாரடைப்பில் இறந்த ஒரு பிலிப்பினோத் தொழிலாளியின் பெயரால் அதற்கு அக்பயானி கிராமம் என்று பெயர். 1974-இல் திறந்தார்கள். ஆளுக்கு ஓர் அறை. கதவுக்குப் பூட்டு இருந்தது. சாவி அவரவர் கையில் இருந்தது.